எந்த ஆங்கில கிராமர் புத்தகம்?

தமிழ் பேசுற வீட்டுல ஹோம்ஸ்கூலிங் பண்றீங்களா? அமெரிக்க கிராமர் பாடத்திட்டத்தை வாங்குறதுக்கு முன்னாடி ஒண்ணு யோசிங்க. ஆங்கிலம் பேசியே வளர்ற குழந்தைக்காக எழுதினது அது. அந்தக் குழந்தைக்கு வாக்கியம் ஏற்கெனவே தெரியும். எது நவுன், எது வெர்ப்னு பெயர் சொல்லவும், 1877-ல் ரீடும் கெல்லாகும் கொண்டுவந்த மாதிரி கோடு போட்டுப் பிரிக்கவும் கத்துக்குது.

நம்ம குழந்தைக்குச் சிக்கல் வேற இடத்துல. தமிழ்ல 'தி' கிடையாது. நவுனைச் சரியா காட்டிட்டு, 'ஐ வென்ட் டு மார்க்கெட்'னு எழுதும்.

இரண்டாம் மொழியா ஆங்கிலம் படிக்கிறவங்களுக்கான புத்தகம் பாருங்க. ரேமண்ட் மர்ஃபியோட 'எசென்ஷியல் கிராமர் இன் யூஸ்' ஒண்ணு. இடது பக்கம் விளக்கம், வலது பக்கம் பயிற்சி. பெரியவங்களுக்கான நடைதான். பத்து வயசுக்குக் கீழேன்னா போரடிக்கும்; அவங்களுக்கு இப்போதைக்குக் கதைப் புத்தகத்தைச் சத்தமா வாசிச்சுக் காட்டுங்க.