கொழும்புக்கு அரிசி, கொசஸ்தலைக்குக் கடிதம்

அண்டை நாடுகளுக்கிடையே சமரசம் என்பது மாநாட்டு மண்டபங்களில் கையொப்பமாகி, பிறகு படிப்படியாக ஜனங்களிடம் வந்து சேருகிற விஷயம் என்று கருதுவோர், 2022-ஆம் ஆண்டு மே 18-ஆம் தேதியைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து 9,000 டன் அரிசியும் 200 டன் பால்மாவும் 24 டன் மருந்துகளும் ஏற்றிக்கொண்டு கொழும்பு நோக்கி ஒரு கப்பல் புறப்பட்டது. அதே தினத்தில், கொழும்பு காலிமுகத் திடலில் ஆட்சியை எதிர்த்துக் கூடாரமடித்திருந்தவர்கள் நடுவே, முள்ளிவாய்க்காலில் மாண்டவர்களை நினைந்து கஞ்சி காய்ச்சி வழங்கினார்கள். அரிசியும் தண்ணீரும் உப்பும் தவிர அந்தக் கஞ்சியில் சேர்மானம் கிடையாது; போரின் கடைசி நாட்களில் அங்கே கிடைத்தது அவ்வளவுதான். பதின்மூன்று ஆண்டுகளாகத் தலைநகரின் அந்தத் திடலில் இடம்பெறாதிருந்த ஒரு துக்கத்துக்கு, எரிவாயுவுக்கும் பெட்ரோலுக்கும் வரிசையில் நின்று களைத்த சிங்களரும் தலைகுனிந்து நின்றார்கள் என்றால், அந்த மாறுதலை எந்த உடன்படிக்கையும் உண்டாக்கவில்லை, க்ஷாமமே உண்டாக்கியது என்பது என் அபிப்பிராயம்.

இதைவிடவும் போற்றத்தக்கது அதற்கு முன் நடந்தது. அயல்நாட்டுக் கடனைக் கட்ட இயலாதென்று இலங்கை கையை விரித்த பதினேழாம் நாள், ஏப்ரல் 29 அன்று, தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 40,000 டன் அரிசியும் 500 டன் பால்மாவும் 137 வகை மருந்துகளும் அனுப்ப ஏகமனதாகத் தீர்மானித்தது. தமிழருக்கு மட்டும் அனுப்பலாம் என்றே இங்கே முதலில் எண்ணினார்கள். அவ்வாறு பிரித்துக் கொடுக்க வேண்டாம், எல்லோருக்கும் பொதுவாக அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டவர்கள் இலங்கைத் தமிழர் தலைவர்களேதாம். பந்தியில் ஆள் பார்த்து இலை போடலாகாது என்கிற நம் கிராமத்து மரியாதையை, அத்தனை இழந்தவர்கள் நமக்கு எடுத்துச் சொல்ல நேர்ந்தது. இந்தியா அவ்வாண்டு அளித்த ஏறத்தாழ 400 கோடி டாலர் கடனும் உதவியுமே இலங்கையைத் தாங்கின, அரிசி மூட்டைகள் வெறும் அலங்காரம் என்பாரும் உண்டு. அவர்கள் கணக்கு அவர்களுக்கு.

ஆனால் திருத்தணிப் பக்கத்துக் கே.ஜி.கண்டிகையில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுகிறவனுக்கு, கடலுக்கு அப்பாலுள்ளவனோடு கொள்ளும் சிநேகம் சுலபம், வரப்புக்கு அப்பாலுள்ளவனோடு கொள்ளுவதே கடினம் என்ற எண்ணம் வந்து குறுக்கே நிற்கிறது. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி திருத்தணி ஆந்திரத்திலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்த கதையை எங்கள் வாசகர்களுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகும் வீட்டில் தெலுங்கு பேசி வெளியே தமிழில் கணக்கெழுதும் குடும்பங்கள் இங்கே ஏராளம். ஆடிக் கிருத்திகையன்று நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் புஷ்பக் காவடி தூக்கி வருகிறவர்களை, நீ எந்த ராஜ்யம் என்று மலைப்படியில் நிறுத்தி யாரும் கேட்பதில்லை. முருகனுக்கு இல்லாத எல்லை ஆற்றுக்கு மட்டும் எப்படியோ வந்துவிடுகிறது.

கொழும்புக்கு அரிசி போன அதே 2022-இல், ஆகஸ்டு மாதத்தில், கொசஸ்தலை ஆற்றின் மேற்பகுதியில் சித்தூர் ஜில்லாவில் இரண்டு நீர்த்தேக்கங்கள் எழுப்ப ஆந்திரம் முற்பட்டிருப்பதை ஆட்சேபித்துத் தமிழ்நாட்டிலிருந்து கடிதம் போயிற்று. பூண்டி ஏரிக்கு வந்து சென்னையின் குடிநீராகும் ஆறு அது. அதன் மணலுக்கு அடியில் ஓடும் ஊற்றை நம்பித்தான் இந்தப் பக்கத்துக் கிணறுகள் பல இருக்கின்றன. மழை பொய்த்த வருஷங்களில் கயிறு நீண்டு, பிறகு போர் போட்டு, அந்தப் போரையும் இறக்கி இறக்கிக் கடன்பட்ட குடியானவனுக்கு, பொருளாதார நெருக்கடி என்பது பத்திரிகையில் படிக்கிற சொல் அல்ல. மேலே இருப்பவனும் வறண்ட சீமைக்காரன்தான், அவனுக்கும் தாகம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் கீழே இருப்பவனின் பயம், ஒவ்வொரு கோடையிலும் ஒரு சாண் ஆழமாகிறது.

ஆந்திரம் கொடுக்காத ராஜ்யம் அன்று. 1983-இல் செய்த ஒப்பந்தத்தின்படி கிருஷ்ணா நீரில் ஆண்டுக்கு 12 டி.எம்.சி. தர இசைந்து, 1996-இல் அந்த நீர் கண்டலேற்றிலிருந்து கால்வாய் வழியே ஊத்துக்கோட்டை ஜீரோ பாயிண்ட் தாண்டி வந்தது. சொன்ன அளவு எல்லா வருஷமும் வந்ததில்லை என்றாலும், குறைந்தால் போய்க் கேட்பதற்கு இரு தரப்பு அதிகாரிகளும் கூடுகிற ஒரு குழுவாவது இருக்கிறது. அப்படியொரு குழுவைக் கொசஸ்தலைக்கும் நகரியாற்றுக்கும் ஏற்படுத்துவதானால், ஏரி நிரம்பியிருக்கும்போதே ஏற்படுத்த வேண்டும்; ஒரு கூட்டத்தைத் திருத்தணியிலும் மறு கூட்டத்தை நகரியிலும் வைத்துக்கொள்ளலாம். இரண்டு பாஷையிலும் நடவடிக்கைக் குறிப்பு எழுத ஆள் வேண்டுமென்றால், கண்டிகையில் தெருவுக்கு நாலு பேர் அகப்படுவார்கள்.