ஏழைக்கு மட்டும் ஒரு தடை

அமெரிக்காவில் கருக்கலைப்பைப் பற்றி நடந்துவரும் வழக்காடல் நம் வாசகர்கள் அறிந்ததே. அது பாவமா, பெண்ணின் உரிமையா என்பதே எங்கும் பேச்சு. அந்த இரைச்சலில் அமுங்கிப்போன கேள்வி ஒன்று உண்டு: ஏழைப் பெண்ணின் மருத்துவச் செலவை யார் ஏற்பது?

வருவாய் குறைந்தோருக்காக 1965ஆம் ஆண்டு 'மெடிக்கெய்ட்' என்னும் மருத்துவ உதவித் திட்டம் அங்கே உருவாயிற்று. மத்திய அரசும் மாநில அரசுகளும் அதன் செலவைப் பகிர்ந்துகொள்கின்றன. 1973 ஜனவரியில், 'ரோ எதிர் வேட்' வழக்கில், கருக்கலைப்பு அரசியல் சாசன உரிமை என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிற சிகிச்சைகளைப் போன்றே இதற்கும் மெடிக்கெய்ட் பணம் அளித்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3 லட்சம் கருக்கலைப்புகளுக்கு அவ்வாறு பணம் கிடைத்தது.

1976இல் இல்லினாய்ஸ் மாநிலத்து உறுப்பினர் ஹென்றி ஹைட், நிதி ஒதுக்கீட்டு மசோதாவில் ஒரு திருத்தத்தைச் சேர்த்து அந்தப் பணத்தை நிறுத்தினார். மறுவருடம் அவையிலேயே அவர் ஒளிவுமறைவின்றிப் பேசினார். செல்வர், நடுத்தரத்தார், ஏழை என்று எல்லாப் பெண்களையும் தடுக்கவே தமக்கு விருப்பம் என்றும், கைக்குக் கிட்டியது மெடிக்கெய்ட் மசோதா ஒன்றே என்றும் சொன்னார். அவருடைய வெளிப்படையான பேச்சைப் பாராட்டலாம். ஆனால், வசதி படைத்தவள் தன் காசோலையைக் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். தடை ஏழையின் வாசலில் மட்டும் நின்றது. 1977 ஆகஸ்டில் அது நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு அக்டோபரிலேயே, டெக்சாஸின் மெக்சிகோ எல்லைப்புறத்தில், மலிவான கள்ளச் சிகிச்சையை நாடிய ஓர் இளந்தாய் உயிரிழந்தார்.

வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 1980இல் 5க்கு 4 என்ற கணக்கில் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. வறுமையை உண்டாக்கியது அரசன்று, ஆகவே அது விளைவிக்கும் தடையை நீக்கும் கடமையும் அரசுக்கில்லை என்பதே பெரும்பான்மையினரின் வாதம். ஜகாத்தைக் கடமையாக ஏற்ற சமுதாயத்தின் செவிக்கு இது விந்தையான வாதமாகவே ஒலிக்கும். கருக்கலைப்பை அறவே வெறுப்போரும் இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டும். அது தீமை என்றால் எல்லோருக்குமன்றோ தீமை? மாறுபட்டுத் தீர்ப்பெழுதிய நீதிபதி தர்குட் மார்ஷல், மெடிக்கெய்ட் பணம் மறுக்கப்படும் ஏழைக்குச் சட்டப்படியான கருக்கலைப்பே மறுக்கப்பட்டதாகும் என்று சுட்டிக்காட்டினார்.

இது நிரந்தரச் சட்டமன்று, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுவது. எந்தக் கட்சி ஆண்டாலும் புதுப்பிக்கப்பட்டே வந்திருக்கிறது. தாயின் உயிருக்கு ஆபத்தெனில் விலக்கு உண்டு. கற்பழிப்பாலோ நெருங்கிய உறவினராலோ உண்டான கருவுக்கு, 1993இல்தான் மீண்டும் விலக்கு கிடைத்தது. பழங்குடியினருக்கான அரசு மருத்துவச் சேவை, மத்திய அரசு ஊழியர் காப்பீடு ஆகியவற்றுக்கும் இத்தகைய தடைகள் பரவின. 2021இல் அதிபர் பைடன் இத்திருத்தம் இல்லாத வரவுசெலவுத் திட்டத்தை முன்வைத்தபோதும், காங்கிரஸ் அதைக் கைவிடவில்லை. 2022 ஜூனில் 1973ஆம் ஆண்டுத் தீர்ப்பையே உச்சநீதிமன்றம் ரத்துசெய்ய, பல மாநிலங்களில் அந்த உரிமையும் போயிற்று.

மாநிலங்கள் தம் சொந்தப் பணத்தைச் செலவிடத் தடையில்லை. ஹைட் 2007இல் காலமானார். அவருடைய இல்லினாய்ஸ் மாநிலமே 2017இல் ஏழைப் பெண்களின் இச்செலவை ஏற்கச் சட்டம் இயற்றியது. அதில் கையொப்பமிட்ட ஆளுநர் புரூஸ் ரவுனர், ஹைடின் குடியரசுக் கட்சியைச் சேர்ந்தவரே.