மராட்டியரைச் சிரிக்க வைத்த மராட்டியர்

நம்மைப் பார்த்துப் பிறர் சிரித்தால் நமக்குக் கோபம் வருகிறது. நம்மை நாமே பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால், கொஞ்சம் விவேகம் வந்துவிட்டது என்று அர்த்தம். இது தனி மனிதர் விஷயம். ஒரு நாட்டு ஜனங்கள் ஒரு கொட்டகையில் கூடி உட்கார்ந்து, தங்கள் பேச்சு, தங்கள் பெருமை, தங்கள் அற்பத்தனம் எல்லாவற்றையும் மேடையிலே கண்டு, வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள் என்றால் அது சாதாரண விஷயமல்ல. மஹாராஷ்டிர தேசத்தில் அப்படி நடந்தது. அதை நடத்திக் காட்டியவரை அந்த நாட்டார் இரண்டே எழுத்தில் அழைக்கிறார்கள்: 'பு. ல.'

புருஷோத்தம லக்ஷ்மண தேஷ்பாண்டே என்பது முழுப் பெயர். 1919-ம் வருஷம் நவம்பர் மாதம் 8-ந் தேதி பம்பாயில் பிறந்தவர். பள்ளிக்கூட வாத்தியார், காலேஜ் ஆசிரியர், ஹார்மோனிய வித்வான், சங்கீத டைரக்டர், சினிமாக்காரர், ரேடியோ உத்தியோகஸ்தர் என்று அவர் எடுக்காத அவதாரம் இல்லை. நாடகங்களும் பிரயாண நூல்களும் எழுதினார். 'வ்யக்தி ஆணி வல்லி' என்ற மனிதச் சித்திரங்களின் தொகுதிக்கு 1965-ல் ஸாஹித்ய அகாடமி பரிசு கிடைத்தது. இத்தனையும் இருக்க, அவரை மராட்டியக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரராக்கியது ஒரு நீளமான பழைய கட்டிடம். அதன் பெயர் 'படாட்யாசீ சால்'.

'சால்' என்பது பம்பாய்க்கே உரியதொரு வஸ்து. நம் ஊர் ஒண்டுக் குடித்தன ஸ்டோர் ஒன்றை மாடி மேல் மாடியாக அடுக்கிவிட்டால் எப்படியிருக்கும்? அதுதான் சால். ஒவ்வொரு மாடியிலும் ஒரு நீண்ட தாழ்வாரம். தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். அறைக்கு ஒரு குடும்பம். குழாய் பொது, கக்கூஸ் பொது, சண்டை பொது, கலியாணமும் சாவும் பொது. பஞ்சாலைகளில் வேலை தேடியும், ஆபீஸ்களில் குமாஸ்தா வேலை தேடியும் கொங்கணக் கரையிலிருந்தும் மேட்டு நிலத்திலிருந்தும் வந்து குவிந்த ஜனங்களுக்கு இந்தச் சால்களே புகலிடமாயின. பல ஜில்லாக்காரர்களும் பல ஜாதிக்காரர்களும் ஒரே தாழ்வாரத்தில் பல் விளக்க நேர்ந்தபோது ஒரு புதிய நாகரிகமே பிறந்தது எனலாம்.

தேஷ்பாண்டே கற்பனையில் கட்டிய சால் 1958-ல் புத்தகமாக வெளிவந்தது. அதற்கு வாய்த்த பெயரே வேடிக்கையானது. வீட்டுக்காரரின் குடும்பப் பெயர் படாட்டே. மராட்டியில் 'படாடா' என்றால் உருளைக்கிழங்கு! அங்கே அண்ணா பாவ்ஷே இருக்கிறார், கோசரேகர் மாஸ்டர் இருக்கிறார், திரிலோகேகர் இருக்கிறார், உபதேசம் செய்வதையே தொழிலாகக் கொண்ட ஆசார்ய பர்வே இருக்கிறார். அங்கே ஒருவர் உடம்பை இளைக்க வைக்கப் பட்டினி கிடக்கத் தீர்மானித்தால் போதும். தாழ்வாரம் முழுவதும் திரண்டு வந்து, ஆளுக்கொரு பத்தியம் சொல்லி, அவரைப் பாடாய்ப் படுத்திவிடும்.

1961-ல் இந்தச் சால் மேடை ஏறிற்று. இங்கேதான் அதிசயம். அத்தனை குடித்தனக்காரர்களும் மேடைக்கு வந்தார்கள். ஆனால் வந்தவர் ஒரே ஒருவர்தான்! காட்சிக்குக் காட்சி வேஷம் மாற்றுவதில்லை. குரல் சற்றுக் கம்மினால் கிழவர். முதுகு சற்று நிமிர்ந்தால் தலைவர். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தால் பாட்டு வாத்தியார். மொழி ஒன்றுதான். எனினும் அவர் வாய் திறந்ததும், இன்னார் இன்ன ஜில்லாக்காரர், இன்ன ஜாதிக்காரர், இன்ன உத்தியோகக்காரர் என்று சபையோருக்கு விளங்கிவிடும். மனைவி ஸ்ரீமதி சுனிதா தேஷ்பாண்டே நிகழ்ச்சிகளின் நிர்வாகப் பொறுப்பைக் கண்டிப்பாகக் கவனித்துக்கொண்டார். நடிகர் கூட்டம் இல்லை. மூட்டை முடிச்சு இல்லை. ஒரு மனிதர் தம் தொண்டைக்குள் ஒரு தெருவையே வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் பிரயாணம் செய்தார்.

இந்த வித்தையின் ரகசியம் தமிழ் நேயர்களுக்குப் புதிதல்ல. தஞ்சையில் மராட்டிய மன்னர்கள் ஆண்டதன் பயனாக மராட்டியக் கீர்த்தனக்காரர்கள் நம் பக்கம் வந்தார்கள். அவர்களுடைய முறையைத் தழுவி 19-ம் நூற்றாண்டில் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் நம் கதா காலக்ஷேபத்துக்கு ஓர் உருவம் கொடுத்தார். சாகி, திண்டி, ஓவி, அபங்கம் என்று நம் பாகவதர்கள் பாடிவந்த மெட்டுகள் எல்லாம் அங்கிருந்து வந்த சீதனமே. பாகவதர் ஒருவரே சீதையாகவும் ராவணனாகவும் மாறுவதை நம் பாட்டனார் பாட்டிமார் கண்டிருக்கிறார்கள். நடுவிலே உபகதை சொல்லிச் சபையைச் சிரிக்க வைப்பதும், உடனே குரலைத் தாழ்த்திக் கண் கலங்க வைப்பதும் காலக்ஷேப மரபுதான். தேஷ்பாண்டே ராமனையும் சீதையையும் இறக்கிவிட்டு, அவர்கள் இடத்தில் குமாஸ்தாவையும் வாத்தியாரையும் ஏற்றினார்.

அவருடைய சால் மேடை ஏறிய சமயத்தையும் கவனிக்க வேண்டும். பம்பாயைத் தலைநகராகக் கொண்ட மராட்டிய ராஜ்யம் வேண்டும் என்று பெருங்கிளர்ச்சி நடந்தது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் உயிர் நீத்தார்கள். 1960-ம் வருஷம் மே மாதம் 1-ந் தேதி மஹாராஷ்டிர ராஜ்யம் பிறந்தது. இந்தக் கிளர்ச்சி கொழுந்துவிட்டு எரிந்த காலத்தில் எழுந்த நூல்தான் 'படாட்யாசீ சால்'. அதிலே ஒரு அத்தியாயம்: வீட்டுக்காரர் பூட்டி வைத்திருக்கும் மொட்டைமாடியைத் திறந்துவிட வேண்டும் என்று குடித்தனக்காரர்கள் கிளர்ச்சி செய்கிறார்கள். பம்பாயுடன் சேர்ந்த மஹாராஷ்டிரம் ஆகியே தீரவேண்டும் என்று நாடெங்கும் முழங்கிய கோஷம், மொட்டைமாடியுடன் ஆகியே தீரவேண்டும் என்று தாழ்வாரத்தில் எதிரொலிக்கிறது!

கோஷத்துக்காக உயிர் கொடுத்தவர்களின் சுற்றத்தார் இருக்கும் நாட்டில் அந்தக் கோஷத்தையே ஹாஸ்யமாக்குவது லேசான காரியமா? ஆனால் மராட்டியர்கள் சிரித்தார்கள். தியாகத்தை அவர் தொடவில்லை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். எந்தப் பெரிய லக்ஷியமும் நாலு பேர் கூடும் தாழ்வாரத்துக்கு வந்ததும், அங்கே தலைவர் பதவிக்கும் தீர்மானத்துக்கும் உப கமிட்டிக்கும் சண்டை மூண்டுவிடுகிறதே, அதைத்தான் அவர் தொட்டுக் காட்டினார். அதற்காக யார் கோபிப்பது? ஒவ்வொருவரும் ஓர் உப கமிட்டியில் இருந்தவர்தானே!

புதிய ராஜ்யம் பிறந்துவிட்டது. ஆனால் அதில் வாழ்ந்தவர்கள் ஒரே அச்சில் வார்த்தவர்கள் அல்ல. புனாக்காரருக்கு நாக்பூர்க்காரர் பேச்சு வேடிக்கை. நாக்பூர்க்காரருக்குப் பம்பாய்க்காரரின் அவசரம் வேடிக்கை. புகழ் பெற்ற தனியுரை ஒன்றில் தேஷ்பாண்டே, பம்பாய்க்காரர், புனாக்காரர், நாக்பூர்க்காரர் இம்மூவரில் யாராக ஆவதற்கு உங்களுக்கு விருப்பம் என்று கேட்டு, அதற்கான யோக்கியதைகளை விஸ்தரிக்கிறார். புனாக்காரராக வேண்டுமானால் உலகத்திலுள்ள சகல விஷயங்களைப் பற்றியும் திடமான அபிப்பிராயம் வேண்டும். புனாவில் கடை வைக்க வேண்டுமானால் வாடிக்கைக்காரரை அலட்சியம் செய்யப் பழக வேண்டும். இதைக் கேட்டு உரக்கச் சிரித்தவர்கள் புனாக்காரர்கள்தான். தேஷ்பாண்டே தம் கடைசி நாட்களை அந்த ஊரிலேயே கழித்து, 2000-ம் வருஷம் ஜூன் 12-ந் தேதி அங்கேயே காலமானார்.

ஊராரைக் கேலி செய்து பிழைப்பவர்கள் எந்தத் தேசத்திலும் உண்டு. அவர்களுக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்? ரத்னகிரியிலுள்ள அந்து பர்வா என்னும் கிழவரைப் பற்றி அவர் எழுதியதைப் பார்த்தால் விளங்கும். குத்தலாகப் பேசுவதில் கொங்கணத்தார் பெயர் போனவர்கள். இந்தக் கிழவரோ அதில் சிகரம். முதலில் நாம் குத்தலுக்குச் சிரிக்கிறோம். ஊருக்கு மின்சார விளக்கு வந்தபோது தம் வீட்டுக்கு மட்டும் வேண்டாம் என்கிறார் கிழவர். அதற்கு அவர் சொல்லும் காரணத்தைக் கேட்டதும் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. குத்தலுக்குப் பின்னால் வறுமையும் தனிமையும் இருந்தது அப்போதுதான் தெரிகிறது. கேலி செய்பவன் வாசலோடு நின்றுவிடுவான்; தேஷ்பாண்டே சமையலறை வரையில் போய்ப் பார்த்துவிட்டு வந்தவர்.

அவர் காட்டிய வழியில் இன்னொரு தேஷ்பாண்டே வந்தார். உறவினரல்ல, பெயர்தான் ஒன்று. மராட்வாடா பிரதேசம் 1948 வரையில் நிஜாம் சமஸ்தானத்தில் இருந்தது. அந்தப் பக்கத்துக் கிராமத்துப் பேச்சு நகரத்தாரின் நாசூக்கான காதுக்கு மட்டமாகப் பட்டது. ஔரங்காபாத் சர்வகலாசாலையில் நாடகப் பேராசிரியராயிருந்த லக்ஷ்மண தேஷ்பாண்டே, 1979-ல் அந்தப் பேச்சையே கொண்டு 'வராட் நிகாலய் லண்டன்லா' என்ற ஏகபாத்திர நாடகத்தை மேடையேற்றினார். கலியாண கோஷ்டி லண்டனுக்குக் கிளம்புகிறது என்பது பெயரின் பொருள். விமானத்தையே கண்டறியாத ஒரு கிராமம் சுற்றமும் சூழலுமாக லண்டனுக்குப் புறப்படுகிறது. ஐம்பத்திரண்டு பாத்திரங்கள், மூன்று மணி நேரம், ஒரே மனிதர்! ஆயிரக்கணக்கான முறை நடித்தார். கடல் கடந்தும் நடித்தார். 'கின்னஸ்' சாதனைப் புத்தகத்திலும் இடம் பெற்றார். 2009-ல் அவர் காலமான பிறகு சந்தீப் பாடக் என்னும் நடிகர் அந்தக் கோஷ்டியை மறுபடியும் லண்டனுக்கு அழைத்துச் சென்றார்.

மராட்வாடாக் குடியானவர் அந்த நாடகத்தைப் பார்த்துச் சிரித்ததில் ஒரு விசேஷம் உண்டு. வெட்கப்பட வேண்டியது என்று மற்றவர்கள் சொல்லிவந்த அவருடைய பேச்சு, புனாவிலும் பம்பாயிலும் டிக்கெட் வாங்கிக் கேட்கும் பேச்சாகிவிட்டது. இதைவிடப் பெரிய சுயமரியாதை என்ன வேண்டும்?

சொந்த ஜனங்களைக் கண்டு சிரிக்கத் தெரிந்தவருக்கு அவர்களைக் கண்டிக்கும் தைரியமும் இருந்தது. 1996-ல் மஹாராஷ்டிர சர்க்கார் தன் உயர்ந்த விருதைப் பு. ல.வுக்கு வழங்கியது. ஜனநாயகத்தைவிட முரட்டு ஆட்சியே மேல் என்ற பேச்சு அதிகாரத்திலிருப்போர் பக்கத்திலிருந்து எழுந்த சமயம் அது. விருதை ஏற்ற சந்தர்ப்பத்திலேயே அந்தக் கிழவர் தம் மனவருத்தத்தை வெளியிட்டார். ஏச்சும் கிடைத்தது. ஆனால் அவரைவிட யார் அசல் மராட்டியர் என்று கேட்டால் ஏசியவர்களாலும் பதில் சொல்ல முடிந்திராது.

'படாட்யாசீ சால்' சிரிப்போடு முடிவதில்லை. கடைசி அத்தியாயம் ஒரு சிந்தனை. சாலின் பழைய நாட்களை நினைத்து ஏங்கும் குரல் அதிலே கேட்கிறது. அந்த ஏக்கம் தீர்க்கதரிசனமாகிவிட்டது. 1982-ல் தொடங்கிய பெரிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு பம்பாய்ப் பஞ்சாலைகள் ஒவ்வொன்றாக மூடின. மும்பை என்று பெயர் மாறிய அந்த நகரத்தில் சால்களை இடித்துவிட்டு வானளாவிய கட்டிடங்கள் எழுப்புகிறார்கள். குடித்தனக்காரர்களுக்குத் தனிக் குழாயும் தனிக் கதவும் கிடைப்பது நல்லதுதான். யாரும் வேண்டாமென்று சொல்ல மாட்டார்கள்.

பொதுத் தாழ்வாரம் மட்டும் போய்விட்டது. அதன் சண்டையும் சச்சரவும், தலைவலிக்கு மருந்து கேட்டால் பத்து வீட்டிலிருந்து பத்துக் கஷாயம் வரும் அந்தப் பொல்லாத அன்பும், ஒரு மனிதரின் குரலிலே பத்திரமாக இருக்கின்றன. ஒலிப்பதிவைப் போட்டால் அண்ணா பாவ்ஷே இன்றும் பேசுகிறார். சபையும் அவருடன் சேர்ந்து சிரிக்கிறது. தங்களைக் கண்டு தாங்களே சிரித்த ஜனங்களின் அந்தச் சிரிப்பொலியைக் கேட்கும்போது, நம்முடைய தாழ்வாரங்களின் நினைவு நமக்கும் வராமற் போகாது.