சார்பும் பொதியும்

குற்றியலிகரமும் குற்றியலுகரமும் ஆய்தமும் தாமாக நில்லா. பிற எழுத்துக்களைச் சார்ந்தே ஒலிக்கும் என்பதைத் தமிழ் இலக்கணம் படித்தோர் அறிவர். கணினிக்குள் நடப்பதும் ஏறக்குறைய இதுவே என்றால் புலவர்கள் முகஞ் சுளிக்கக்கூடும். ஆயினும், வட்டார நூலகமொன்றின் பழைய சஞ்சிகைகளை ஏந்தி நிற்கும் வழங்கியைச் சில ஆண்டுகளாகப் பார்த்துவரும் எனக்கு இவ்வொப்புமையைக் கைவிட மனமில்லை.

வழங்கி என்பது கேட்டோர்க்குக் கேட்ட ஏட்டை இணையவழி எடுத்துக் கொடுக்கும் கணினி. அதற்குத் திரையும் சுட்டியும் பெரும்பாலும் இரா. தொலைவிலிருந்து கட்டளைகளை எழுத்தெழுத்தாகத் தட்டியே அதனோடு பேசவேண்டும்.

2005ஆம் ஆண்டிலே தொடங்கி, ஈழத்துத் தமிழ் நூல்களையும் பத்திரிகைகளையும் இணையத்தில் தொகுத்துவரும் 'நூலகம்' திட்டத்தை ஆசிரியரும் மாணவரும் நன்கறிவர். அதன் பட்டியற் பக்கங்கள் மீடியாவிக்கி என்னும் மென்பொருளின்மீது அமைந்தவை. விக்கிப்பீடியாவைத் தாங்குவதும் அதுவே. எங்கள் சிறு நூலகத்துக்கும் அதையே கொண்டோம். மீடியாவிக்கி தனித்து இயங்காது. பீஎச்பி என்ற நிரல்மொழி வேண்டும். பதிவுகளைக் காக்கத் தரவுத்தளம் வேண்டும். அவை ஒவ்வொன்றுக்கும் வேறு பல துணைகள் வேண்டும். இச்சார்புகள் அனைத்தையும் ஒருவர் நினைவில் வைத்திருத்தல் இயலாது.

இயான் மேர்டொக் என்பவர் 1993இல் தொடங்கிய டெபியன் திட்டத்தார் இதற்கு நல்லதொரு வழி கண்டனர். ஒவ்வொரு மென்பொருளையும் பொதியாகக் கட்டி, அது எதைச் சார்ந்தது, எந்தப் பதிப்பைச் சார்ந்தது என்று பொதியிலேயே எழுதிவைத்தனர். 'ஆப்ட்' என்னும் கருவி அதைப் படித்து, வேண்டிய துணைகளையெல்லாம் களஞ்சியத்திலிருந்து தானே தருவிக்கும். களஞ்சியத்தின் முத்திரையை ஒத்துப் பார்த்த பின்னரே பொதியை உள்ளே விடும்.

புதிதாகக் கற்பவர் மயங்கும் இடம் ஒன்றுண்டு. 'ஆப்ட் அப்டேட்' என்றால் களஞ்சியத்தின் பட்டியல் மட்டுமே புதிதாக வரும். 'ஆப்ட் அப்கிரேட்' என்ற பின்னரே பொதிகள் மாறும். நீக்குவதும் இருவகை. 'ரிமூவ்' பொதியை எடுத்துவிட்டு அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். 'பேர்ஜ்' அவற்றையும் துடைத்துவிடும். மரியாடிபி என்னும் தரவுத்தளத்தை இவ்வாறு துடைக்கப் புகுந்தால், உள்ளிருக்கும் பதிவுகளையும் அழிக்கவா என்று கேட்கும். நள்ளிரவில் தூக்கக் கண்ணோடு விடை சொல்லத் தகாத கேள்வி அது!

2023 யூனில் வெளிவந்த டெபியன் 12இன் பெயர் 'புக்வோம்', அதாவது நூற்புழு. நூலகத்துக்குள் புழுவை விடுவதா என்று நண்பரொருவர் நகைத்தார். (டெபியன் பதிப்புகளுக்கெல்லாம் 'டோய் ஸ்டோரி' சித்திரப்படப் பாத்திரங்களின் பெயரே.) முந்திய பதிப்பில் 7.4 ஆக இருந்த பீஎச்பி இதில் 8.2 ஆயிற்று. பழையதற்கென எழுதிய துணைநிரல்கள் சில புதியதில் ஓடமாட்டா. ஆகவே, வேறொரு கணினியில் ஒத்திகை பார்த்த பின்னரே மாற்றினோம்.

களஞ்சியத்தை நாடாது, கோப்புகளைக் கையாற் கொண்டுவந்து கொட்டுவாரும் உளர். விரைவில் முடியும் என்பர். அம்முறையை நான் ஏற்பதில்லை. கையாற் கொட்டியது பதிவேட்டில் ஏறாது; கள்வர் நுழையும் ஓட்டை அதில் அடைபட்டதா என்பதையும் எவரும் அறியார். எங்கள் பக்கத்திலே வழங்கியைப் பார்க்கும் இளைஞர் படிப்பு முடிந்ததும் கொழும்புக்கோ கனடாவுக்கோ போய்விடுவார். அடுத்து வருபவருக்கு மிஞ்சுவது அந்தப் பதிவேடே. ஆப்ட் தான் செய்தவற்றை நாளும் நேரமுமாய் எழுதிவைக்கும். 'ஆப்ட்-மார்க் ஷோமனுவல்' என்று கேட்டால், நாம் விரும்பிப் பெற்ற பொதிகளின் பெயர்களை நிரையாகக் காட்டும். அப்பட்டியல் கையிலிருந்தால், இயந்திரம் பழுதானாலும் அதே மென்பொருள்களை இன்னொன்றில் ஏற்றிவிடலாம்.

ஏடுகளுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். 1959இல் திறக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது, வேறு படியில்லாத சுவடிகளும் அதனோடு போயின. அதனால் எங்கள் தரவுத்தளத்தின் படி ஒன்றும் பக்கப் படங்களின் படி ஒன்றும் வாரந்தோறும் குடாநாட்டுக்கு வெளியே செல்கின்றன. பொதிப் பட்டியலின் அச்சுப்படி நூலகரின் மேசை லாச்சியில் இருக்கிறது.