முதலில் இலை, பிறகு உலை

பச்சைமலையில் டாப் செங்காட்டுப்பட்டிக்குப் பக்கத்து ஊர்தான் என் பெரியம்மாவுக்கு. பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் இருபத்திரண்டு வருடம் சமையல் வேலை பார்த்தவர். மதியம் 12.30க்கு மணி அடிக்கும்போது நூற்றைம்பது தட்டிலும் சோறு விழுந்திருக்க வேண்டும் என்ற கணக்கிலேயே வாழ்ந்தவர். அடுப்படியில் எப்போதும் ரேடியோ பாடும். 1939இல் தொடங்கிய திருச்சி வானொலியின் கச்சேரிகளைக் கேட்டுக் கேட்டே ராகங்களைப் பழகிக்கொண்டார். ராகத்தின் பெயர் தெரியாது. "இது போன மாசம் பெருமழையன்னைக்குப் பாடுனதும்மா" என்பார். சரியாக இருக்கும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஒரே ஓர் ஆசைதான் சொன்னார். மார்கழியில் மெட்ராசுக்குப் போய், பாடுகிறவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு கச்சேரி கேட்க வேண்டும். சிங்கப்பூரில் வேலை செய்யும் என் தம்பி, விமானத்திலேயே கூட்டிப் போகச் சொல்லிப் பணம் அனுப்பினான். ஏற்பாடெல்லாம் துறையூரில் இருக்கும் என் தலையில்.

விமான டிக்கெட்டை முதலில் போட்டுவிடுகிறேன் என்று போனில் சொன்னேன். "பந்தி எத்தனை மணிக்குன்னு தெரியாம உலை வைப்பியா கண்ணு?" என்று கேட்டார். "எத்தனை இலை, எந்த நேரம், அது தெரியணும். அப்புறந்தான் அடுப்பு."

அவர் சொன்னதுதான் முறை. அதற்கு இரண்டு வருடம் முன்னால் நான் அதைத் தலைகீழாகச் செய்து பட்டிருக்கிறேன். ரயில், அறை எல்லாம் பிடித்துவிட்டு, கச்சேரி டிக்கெட்டை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு சபா வாசலில் போய் நின்றேன். கவுன்டர் மூடியிருந்தது. அன்றைய டிக்கெட் காலையிலேயே தீர்ந்துவிட்டதாம்.

சபாவில் இடம் எப்படிப் பிரிகிறது என்பது புரிந்துவிட்டால் இந்த ஏமாற்றம் வராது. ஒரு கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் வரிசை இலைகள் சம்பந்தி வீட்டாருக்கு என்று பந்தி விரிப்பதற்கு முன்பே முடிவாகியிருக்கும். சபாவின் உறுப்பினர்களும், விழாவுக்குப் பணம் கொடுக்கும் ஸ்பான்சர்களும் அந்த வரிசை. அடுத்தது உறவுக்காரர்கள்: விழா முழுமைக்கும் ஒரே நாற்காலியைச் சொந்தமாக்கிக்கொள்ளும் சீசன் டிக்கெட்காரர்கள். இவர்கள் போக மிஞ்சுவதுதான் தினசரி டிக்கெட். பெரிய பாடகரின் மாலைக் கச்சேரிக்கு மிஞ்சும் இலைகள் குறைவு, காத்து நிற்பவர்கள் அதிகம். மியூசிக் அகாடமி வாசலில் விடிவதற்கு முன்பே வரிசை கட்டி நிற்பவர்களைப் பற்றி ஒவ்வொரு டிசம்பரிலும் பேச்சு எழுவது இதனால்தான். இப்போது பல சபாக்கள் இணையத்திலும் விற்கின்றன. ஆனால் விற்பனை தொடங்கும் நாளையும் நேரத்தையும் தெரிந்து காத்திருக்க வேண்டும்.

டிசம்பர் என்பதும் தற்செயலாக ஒட்டிக்கொண்டதல்ல. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது கூடவே ஓர் இசை மாநாடும் நடந்தது. அதிலிருந்து 1928இல் பிறந்தது மியூசிக் அகாடமி. அதற்கும் முன்பே, 1900இல், திருவல்லிக்கேணியில் பார்த்தசாரதி சுவாமி சபா தொடங்கியாயிற்று. இன்று நாரத கான சபா, கிருஷ்ண கான சபா, வாணி மஹால், மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் என்று ஒரே நாளில் ஊர் முழுக்கப் பந்தி. ஓரிடத்தில் இலை இல்லையென்றால் பத்து நிமிட தூரத்தில் இன்னொரு இடத்தில் இருக்கும். அந்த ஏமாற்றத்தன்று எனக்கு இது தெரியவில்லை.

இன்னொன்றும் தெரியவில்லை. பெரும்பாலான சபாக்களில் மதிய நேரக் கச்சேரிகளுக்கு டிக்கெட்டே கிடையாது. கோயில் அன்னதானம் மாதிரி, வந்தவர் உட்காரலாம். சபாக்கள் டிக்கெட் காசை மட்டும் நம்பி நடப்பவை அல்ல. உறுப்பினர் சந்தாவும் ஸ்பான்சர் பணமும் சேர்ந்துதான் உலை கொதிக்கிறது. அதனால் இளையவர்களுக்கு மதியத்தில் மேடை கொடுத்து, வாசலைத் திறந்து வைக்க முடிகிறது. டிக்கெட் கிடைக்காத அன்று மதியம் இரண்டு மணிக்கு, பாதி நிறைந்த ஒரு மண்டபத்தில், இருபது வயதுகூட ஆகாத பெண் ஒருத்தி பாடிய கல்யாணி இன்னும் என் காதில் இருக்கிறது. காசில்லாமல் கிடைப்பதால் யாரும் அதை எச்சில் பந்தியாக நினைக்கக் கூடாது. நாளைய பெரிய பாடகரைப் பத்தடி தூரத்தில் கேட்கும் இடம் அது.

ஆக, இம்முறை இலை முதலில். முதல் நாள் ஆழ்வார்பேட்டையில் ஒரு நாலு மணிக் கச்சேரி, இரண்டாம் நாள் இன்னொரு சபாவில் மாலைக் கச்சேரி என்று முடிவு செய்து, முதல் நாளுக்கான டிக்கெட்டை வாங்கிய பிறகுதான் விமானத்தைத் தேடினேன்.

விமானக் கட்டணம் எங்கள் மலைக்காரர்களுக்குக் கொஞ்சம் விளங்காத சரக்கு. பலாப்பழம் பழுக்கப் பழுக்க விலை இறங்கும். நாளைக்கு அழுகிவிடும் என்ற பயம் விற்பவருக்கு. விமான இருக்கையும் கிளம்பும் நாளோடு அழுகிப்போகும் பண்டம்தான், ஆனால் அது நாள் நெருங்க நெருங்கப் பெரும்பாலும் ஏறும். ஒரே விமானத்தின் இருக்கைகளை நிறுவனம் பல விலைக் கூடைகளாகப் பிரித்து வைக்கிறது. மலிவான கூடை காலியானால் அடுத்த கூடை திறக்கும். கடைசி நேரத்தில் வாங்குபவர் அவசரக்காரர், எந்த விலையும் கொடுப்பார் என்பது கணக்கு. பண்டிகை நாட்களிலும் மார்கழி வாரக் கடைசிகளிலும் கூடைகள் சீக்கிரமே காலியாகும். செவ்வாய்க்கிழமை போய் வியாழக்கிழமை திரும்புவது என்று வைத்துக்கொண்டோம்.

அடுத்தது பின்னோக்கி எண்ணும் வேலை. பெரியம்மாவின் நிஜமான வித்தை இதுதான். 12.30க்குத் தட்டு என்றால் 12.15க்கு ரசம் இறங்க வேண்டும், 11.30க்கு அரிசி உலையில் விழ வேண்டும், பருப்பு அதற்கும் முன்னால், கொண்டைக்கடலை முந்தின இரவே ஊற வேண்டும். பயணத்தையும் அப்படியே எண்ணினோம். நாலு மணிக் கச்சேரிக்கு மூன்றரைக்கு நாற்காலியில் இருக்க வேண்டும். அறையில் பையை வைத்து, சாப்பிட்டு, குளித்துக் கிளம்ப இரண்டரை மணி நேரம். அதற்கு முன் மெட்ரோ. அதற்கும் முன் ஏறத்தாழ ஒரு மணி நேரப் பறப்பு. உள்நாட்டு விமானமானாலும் புறப்படுவதற்குச் சுமார் ஒரு மணி நேரத்துக்கு முன்பே பை போடும் கவுன்டரை மூடிவிடுவார்கள், ஆகவே இரண்டு மணி நேரம் முன்னால் திருச்சி விமான நிலையம். இப்படி எண்ணிக்கொண்டே வந்தால் மலையிலிருந்து இறங்கும் முதல் பஸ்ஸே பிந்திவிடுகிறது.

"அப்ப முந்தின ராத்திரியே ஊறப்போடு" என்றார் பெரியம்மா. ஆகவே முந்தின நாளே இறங்கினோம். மலைப்பாதை வழியாகத் துறையூர், அங்கிருந்து மண்ணச்சநல்லூர், நெ.1 டோல்கேட். கொள்ளிடம் பாலத்தில் பஸ் ஏறியதும் ராஜகோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டார். இரவு சீரங்கத்தில். பகல்பத்து, இராப்பத்து நாட்களில் சீரங்கத்தில் அறை கிடைப்பது சபா டிக்கெட்டைவிடக் கடினம், அதை மட்டும் மறந்துவிடாதீர்கள். காலையில் அங்கிருந்து ஆட்டோவில் திருச்சி ஊரைக் கடந்து புதுக்கோட்டை சாலையில் விமான நிலையம். 2024 ஜூனில் பயன்பாட்டுக்கு வந்த புது முனையத்தின் முகப்பைப் பார்த்து, "கோபுரத்துக் கலரையெல்லாம் இங்கயும் அடிச்சிருக்காங்க" என்றார். அந்த எண்ணத்தில்தான் கட்டியிருக்கிறார்கள்.

சென்னையில் இறங்கியதும் நான்கு அடுப்பு கண்ணில் படும். விமான நிலையத்துக்குள்ளேயே இருக்கும் ப்ரீபெய்டு டாக்சி, தலைதட்டி அளக்கும் படி. போகும் இடத்தைச் சொன்னால் தொகையைச் சொல்வார்கள், கட்டிச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம், வழியில் பேரம் இல்லை. செல்போன் செயலியில் கூப்பிடும் டாக்சியில் விலை நேரத்துக்கு நேரம் மாறும். அதில் ஏற பல அடுக்கு வாகன நிறுத்தம் வரை போகவும் வேண்டும். எதிரே திரிசூலம் நிலையத்தில் கடற்கரை மின்சார ரயில் கிடைக்கும். தி.நகர் சபாக்களுக்குப் போகிறவர் மாம்பலத்தில் இறங்க அதுவே நல்ல வழி. 2016 செப்டம்பரிலிருந்து மெட்ரோ.

மெட்ரோ இட்லிப் பானை. குழி நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் நேரம் வந்தால் மூடி விழும். ஷேர் ஆட்டோ அப்படியில்லை, கடைசிக் குழிக்கும் மாவு வரும்வரை அடுப்பு பற்றாது. கச்சேரிக்கு நேரம் எண்ணிப் போகிறவருக்கு இட்லிப் பானைதான் சரி. 2021 பிப்ரவரியில் கட்டணத்தைக் குறைத்தபோது அதிகபட்சம் 50 ரூபாய் என்றானது. இரண்டு பேர், இரண்டு பை என்றால் டாக்சியோடு ஒப்பிடவே வேண்டாம். பிராட்வே பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்தில் தமிழ் இசைச் சங்கத்தின் விழாவுக்குப் போகிறவர் வண்டி மாறாமல் உயர் நீதிமன்றம் நிலையத்தில் இறங்கலாம். 1943இல் தமிழில் பாடுவதற்கென்றே தொடங்கிய சங்கம் அது. ஆழ்வார்பேட்டைக்கு நாங்கள் தேனாம்பேட்டையில் இறங்கி எல்டாம்ஸ் சாலை வழியாக ஆட்டோ பிடித்தோம். இந்தக் கடைசி ஒன்றரை கிலோமீட்டரில்தான் எல்லோருக்கும் அடிப்பிடிக்கும். இரண்டாம் கட்ட மெட்ரோ வேலையால் அந்தப் பகுதிச் சாலைகள் திருப்பிவிடப்படுகின்றன. வரைபடம் பத்து நிமிடம் என்றால் இருபத்தைந்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் கச்சேரியை நல்லபடியாகக் கேட்டோம். இரண்டாம் நாள் காலை ஏழரைக்கே இன்னொரு சபாவின் கவுன்டரில் நின்றோம். மண்டபத்தில் இடம் இல்லை என்றார்கள். பிறகு, மேடையில் உட்காரச் சம்மதமா என்று கேட்டார்கள். பந்தியில் இடம் போதாமல் திண்ணையிலும் இலை போடுவார்கள் அல்லவா, சென்னை சபாக்களில் அது இன்னும் உண்டு. கூட்டம் நிறைந்தால் பாடகருக்குப் பக்கவாட்டில் மேடையிலேயே ரசிகர்களை உட்கார வைப்பார்கள். பெரியம்மா உட்கார்ந்த இடத்திலிருந்து தம்புரா கைக்கெட்டும் தூரம். பாடகி கண்ணை மூடி ஆலாபனையில் இறங்கியபோது பெரியம்மாவும் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டரை மணி நேரத்தில் ஒரு முறைகூட அசையவில்லை.

தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் முன் வரிசையில் பலர் எழுந்து கேன்டீன் பக்கம் நடந்தார்கள். அவர் முகம் வாடிவிட்டது. "அந்தப் பையன் இத்தனை நேரம் எல்லாருக்கும் பரிமாறினான். அவன் சாப்பிட உக்காரும்போது எந்திரிச்சுப் போறாங்களே" என்று என் காதில் சொன்னார். மிருதங்கக்காரரைத்தான் பையன் என்றார், அவருக்கு ஐம்பது வயதிருக்கும். அந்த நேரத்தில் எழுந்து போவது எனக்கும் ஒருபோதும் பிடித்ததில்லை. கேன்டீன் மங்களம் முடிந்த பிறகும் இருக்கும், டிக்கெட் இல்லாதவர்களுக்கும் இருக்கும்.

முடிந்தபோது ஒன்பதரை. பக்கத்து சபாக்களும் அதே நேரத்தில் கலைகின்றன, எல்லோரும் ஒரே சமயத்தில் வண்டி கூப்பிடுகிறார்கள். செயலியில் காட்டிய தொகை, வரும்போது கொடுத்ததைப் போல் இரண்டு மடங்கு. தட்டுப்பாடு தீரும் வரை விலையை ஏற்றிவைப்பது அந்தச் செயலியின் இயல்பு. பெரியம்மா எட்டிப் பார்த்து, "பொங்குற பாலும்மா. தீயைத் தணிச்சா தானா இறங்கும், கொஞ்சம் நில்லு" என்றார். கேன்டீனில் இரண்டு காபியும் ஒரு வாழைப்பூ வடையும் சாப்பிட்டோம். இருபத்தைந்து நிமிடத்தில் பால் அடங்கியிருந்தது.

திரும்பும்போது காலை விமானத்தையே எடுத்தோம். மாலையில் இறங்கினால் சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து துறையூர் வரை போய்விடலாம், மலைக்கு வண்டி இருக்காது. துறையூரில் மலை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, மடியில் சுருட்டி வைத்திருந்த நிகழ்ச்சி நிரலை எடுத்து நீவினார்.

"அடுத்த வருசத்துக்கு எப்பக் கண்ணு ஊறப்போடணும்?"

"நவம்பர்லயே பாத்து வைக்கணும் பெரியம்மா. ஒவ்வொரு சபாவும் எப்ப விக்கிறாங்கன்னு."

"மறந்துராத" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினார்.