திண்ணை கேட்ட காலம், படிவம் நிரப்பும் காலம்

சென்னை பாரிமுனையைச் சுற்றியுள்ள நடைபாதைகளில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் குடும்பங்கள் உண்டு. பிள்ளைகள் பகலில் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். சிக்கல் மாலையில்தான். பள்ளிக் கதவு பூட்டிவிடும். வீடு என்பதோ பிளாட்பாரத்தில் இழுத்துக் கட்டிய தார்ப்பாய். இருட்டும்வரை ஒரு கூரை, ஒரு விளக்கு, பாடம் சொல்லித்தர ஓர் ஆள். இவற்றைத் தேடுவது அன்றும் பெரிய வேலை, இன்றும் பெரிய வேலை. தேடும் விதம்தான் வேறு.

தண்டையார்பேட்டையில், தெருப்பிள்ளைகளுக்கான கருணாலயா தொண்டு நிறுவனம் 1995-இல் தொடங்கியது. குழந்தைகளுக்கான 1098 உதவி எண் 1996-இல் மும்பையில் வந்தது. அந்நாளில் களப்பணியாளரின் கைம்முதல், தெருவில் சம்பாதித்த பழக்கம்தான். பாதிரியாரிடம் கூடம் கேட்பார். தலைமையாசிரியரிடம் தாழ்வாரம் கேட்பார். கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்திலிருந்து நாலு மாணவர்களை அழைத்து வருவார். கடைக்காரர் ஒருவர் தன் திண்ணையை விடுவார். மழைக்காலத்தில் பிள்ளைகளின் புத்தகப் பைகள் அவருடைய பரணில், அரிசி மூட்டைக்கு மேலே இருக்கும். அவரை யாரும் கூட்டாளி என்று எழுதி வைக்கவில்லை. ஒப்பந்தமும் இல்லை, ரசீதும் இல்லை. பாடம் சொல்ல வருகிற அண்ணன் எப்படிப்பட்டவர் என்று விசாரிக்கவும் நாதியில்லை. இதை மறைத்துவிட்டு அந்தக் காலத்தைப் புகழ்வது நேர்மையாகாது.

இன்று சட்டம் பிள்ளைகளின் பக்கம் நிற்கிறது. வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம். பிள்ளைகளிடம் அத்துமீறுபவரைத் தண்டிக்க 2012 முதல் போக்சோ சட்டம் இருக்கிறது. தமிழக அரசே 2021-இல் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கி, மாலை வகுப்புக்கென்று தன்னார்வலர்களைத் திரட்டியது. பணமும் அன்றுபோல் உண்டியல் காசு அல்ல. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும்.

ஆனால் அந்தப் பணத்தைத் தொட, தொண்டு நிறுவனத்துக்கு வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகளும், 2021 ஏப்ரல் முதல் கம்பெனி விவகார அமைச்சகத்தின் சிஎஸ்ஆர்-1 பதிவும் வேண்டும். பொதுவாக மூன்றாண்டு முன்னனுபவமும் வேண்டும். வெளிநாட்டு நன்கொடை பெறும் பெரிய அமைப்பு, அதில் ஒரு பங்கைத் தெருமுனையில் வகுப்பு நடத்தும் சின்ன அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்க, வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020-ஆம் ஆண்டுத் திருத்தம் தடை போட்டுவிட்டது. கணக்கு கேட்பது நியாயம்தான். பொதுப் பணத்துக்குக் கணக்கு வேண்டும். அதற்காகச் சின்னவர்களின் வழியையே அடைத்தது தேவைக்கு மேற்பட்ட கெடுபிடி என்பது என் எண்ணம்.

இன்னொன்று, காலக்கெடு. கடைக்காரர் கடை இருக்கும்வரை திண்ணையை விட்டார். பணம் தரும் நிறுவனமோ திட்டக்காலம் முடியும்வரைதான் வரும். நிறைவு விழாவுக்குப் பேனர் கட்டி, பைகள் வழங்கி, படமும் எடுத்தாகிவிடும். ஐந்தாம் வகுப்பில் சேர்ந்த பெண் எட்டாம் வகுப்புக்கு வரும்போது, களப்பணியாளர் அடுத்த நிறுவனத்துக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருப்பார்.

உங்கள் சங்கத்துக்கோ, கோயிலுக்கோ, நலச்சங்கத்துக்கோ ஒரு கூடம் இருந்தால், அது மாலை ஐந்தரை முதல் ஏழரை வரை பூட்டியே கிடந்தால், பக்கத்தில் இந்தப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துபவர்களைக் கூப்பிட்டுச் சாவியைக் கொடுங்கள். மின் கட்டணத்தையும் நீங்களே கட்டிவிடுங்கள்.