ஐப்பசியில் அகலும் மேஜை

ஐப்பசி அடைமழை பிடித்துவிட்டால் அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் முதலில் மக்கர் பண்ணுவது பாத்ரூம் கதவு. நிலையில் உரசும், தோள் கொடுத்துத் தள்ளினால்தான் மூடும். சித்திரை வந்தால் அதே கதவு தாராளமாகச் சாத்திக்கொள்ளும். கதவு என்றால் ஆசாரி வந்து இழைப்புளியால் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுப் போவார். பெரிய தொகை கொடுத்து வாங்கிய ஓக் டைனிங் டேபிள் இதே வேலையைக் காட்டும்போதுதான் வீட்டில் பஞ்சாயத்து தொடங்கும்.

ஓக் நம் பக்கத்து மரமில்லை. இந்தியாவில் அது இமயமலையோடும் வடகிழக்கு மலைகளோடும் நின்றுவிடுகிறது. ஷோரூமில் இருப்பது பெரும்பாலும் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ வெட்டியது. ஆனால் அந்த மரத்தைக் கண்ணால் பார்க்காத நம் பாட்டிகள், அதில் விளைவதைக் கல்லில் உரைத்துக் குழந்தைக்குக் கொடுத்திருக்கிறார்கள். உரைமருந்தில் சேரும் மாசிக்காய், மேற்காசிய ஓக் மரமொன்றில் சின்னக் குளவி முட்டையிடுவதால் உண்டாகும் முடிச்சு. அதன் துவர்ப்புக்குக் காரணமான டானின் ஓக் மரக்கட்டையிலும் உண்டு. அதைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

மரத்தை அறுத்து, சூளையில் உலர்த்தி, பாலிஷ் போட்டாலும் அதன் செல் சுவர்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதும் விடுவதுமாகவே இருக்கும். 30 டிகிரி வெப்பத்தில் காற்றின் ஈரப்பதம் 50 சதவீதமாக நிலைத்திருந்தால் மரத்துக்குள் அதன் உலர் எடையில் 9 சதவீத அளவுக்கு நீர் தங்கும். காற்றில் 80 ஆனால் மரத்தில் 15-ஐத் தாண்டும். அமெரிக்க ஓக் பலகை சூளையிலிருந்து வெளியே வரும்போது வழக்கமாக 6 முதல் 8 சதவீதம்தான். அதாவது நம்மூருக்கு வந்து இறங்கும்போதே அது தாகத்தோடு இருக்கிறது.

அம்பத்தூர் பக்கத்துக் காற்றும் ஒரே மாதிரி இருப்பதில்லை. அக்னி நட்சத்திரத்தில் மேற்கிலிருந்து வறண்ட தரைக்காற்று அடிக்கும். கடல்காற்று மெரினாவைத் தொட்டு வெகுநேரம் கழித்துத்தான் இந்தப் பக்கம் வரும். வடகிழக்குப் பருவமழையிலோ துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது. நடுவில் ஹால் ஏசி வேறு.

மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது, அகலவாக்கில்தான் வீங்கும். மூன்றடி அகல மேஜை ஒன்றில் மரத்தின் ஈரம் நான்கு சதவீதப் புள்ளி ஏறுகிறது என்று வையுங்கள். சாதாரணமாக அறுத்த வெள்ளை ஓக் பலகைகள் என்றால் மேல்பலகை சுமார் 13 மில்லிமீட்டர் அகலும். தேக்கு என்றால் அதில் பாதிதான். பாலிஷ் இதை மெதுவாக்கும், தடுக்காது. ஓக்கிலேயே, முனையில் பார்த்தால் வளைய ரேகைகள் செங்குத்தாக நிற்கும்படி அறுத்த பலகையும் பாதி அளவே அசையும். விலை கூடுதல், ஆனால் மேற்பரப்பில் பளபளக்கும் வெள்ளித் திட்டுகள் தெரியும். எனக்குப் பிடித்தது அதுதான்.

ஆகவே கடையில் மேஜைமேல் கையைத் தடவிப் பார்ப்பதைவிடக் குனிந்து அடியில் பார்ப்பது உத்தமம். மேல்பலகையைக் கால்சட்டத்தோடு சேர்க்கும் ஸ்க்ரூ எப்படி இருக்கிறது? வட்டத் துளையில் இறுக முறுக்கியோ, பசை போட்டு ஒட்டியோ இருந்தால் பலகைக்கு நகர வழியில்லை. ஒரு கோடையிலோ மழையிலோ வெடிக்கும், அல்லது வளையும். துளை நீள்வட்டமாக இருந்தாலோ, சட்டத்தின் காடியில் நகரும் கிளிப் மாட்டியிருந்தாலோ செய்தவருக்கு மரம் தெரியும். விற்பனையாளர் பாலிஷைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பார், பேசட்டும்.

வெள்ளை ஓக்கா சிவப்பு ஓக்கா என்றும் கேளுங்கள். வெள்ளை ஓக்கின் வைரப்பகுதியில் நுண்குழாய்கள் அடைபட்டிருக்கும். ஒயின் பீப்பாய் ஒழுகாமலிருப்பது அதனால்தான். சிவப்பு ஓக் துண்டின் ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் வாய்வைத்து ஊதினால் குமிழி வரும். சாம்பார் சிந்தும் வீட்டுக்கு எது தேவை என்று சொல்ல வேண்டியதில்லை. எந்த ஓக் ஆனாலும் ஓரத்தில் வெளிறு இருந்தால் வேண்டாம். மரத்தை மாவாக்கும் வண்டுக்கு அதிலுள்ள மாவுச்சத்து விருந்து.

என்னைக் கேட்டால், இந்த ஊருக்கு முழு மரமென்றால் தேக்கு. ஓக்கின் வெளிர் நிறம்தான் வேண்டுமென்றால், நல்ல பிளைவுட்டில் ஓக் வெனீர் ஒட்டியதில் அவமானம் ஒன்றுமில்லை. குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய அடுக்குகள் ஒன்றையொன்று அசையவிடாது. அழகு பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, இடம் பற்றி மட்டும்: ஆளுக்கு இரண்டடி விளிம்பு, நாற்காலிக்குப் பின்னால் மூன்றடி இடம், ஏசி நேராக மேலே வீசக் கூடாது.

பராமரிப்பில் எல்லோரும் வெந்நீர்ப் பாத்திரத்துக்குப் பயப்படுகிறார்கள். அது விடும் வெள்ளைத் தடம் பெரும்பாலும் பாலிஷில் சிக்கிய ஈரம்தான். ஓக்கின் நிஜ எதிரி ஈர இரும்பு. பாலிஷ் தேய்ந்த இடத்தில் கழுவிய தோசைக்கல்லை ஓர் இரவு விட்டால், காலையில் அங்கே கருநீல வட்டம் நிற்கும். டானினும் இரும்பும் சேர்ந்த வேலை அது. மாசிக்காயோடு இரும்பு உப்பைச் சேர்த்துத்தான் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் எழுதுமை காய்ச்சினார்கள். எவர்சில்வர் டம்ளர் இப்படிச் செய்யாது. கறை சோப்புக்கு மசியாது. ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் எடுத்துவிடும், ஆனால் அது விஷம். பாலிஷ் போடுபவரிடம் கொடுத்து, குழந்தைகள் இல்லாத இடத்தில், கையுறையோடு செய்யச் சொல்லுங்கள்.